வெயில் தொட்ட கட்டைவிரல்

அயர்லாந்தில், ஐயாயிரம் வருடப் பழைய கல்லறைக்குள் நிற்கிறோம். வருடத்தின் மிகக் குறுகிய பகல் விடியும்போது, நாங்கள் வந்த இடுக்குப் பாதை வழியாகவே வெயிலும் உள்ளே வருமாம். இதற்காக அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பிஸ்கட்டவேயிலிருந்து கடிதம் போட்டு மூன்று வருடம் காத்திருந்தவள் என் மனைவி. நானோ லிஃப்டில் ஏறவே பயப்படுகிறவன்.

"ஷூ எங்கே?" என்கிறார் வழிகாட்டி அம்மாள்.

"கருவறை மாதிரி இருந்தது. வாசலிலேயே கழற்றிவிட்டேன்."

"இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லை," என்று சிரித்தபடி விளக்கை அணைக்கிறார். எனக்கு மூச்சு முட்டுகிறது. ஓடிவிடலாம்தான். ஆனால் பாதையை நான் அடைத்துக்கொண்டால், மனைவிக்கு வெயிலுக்குப் பதில் என் முதுகுதான் தரிசனம்.

தரையில் நூலாக ஊர்ந்து வரும் வெளிச்சம், கிழிந்த சாக்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கட்டைவிரலைத் தொடுகிறது.

"ஓடாம நின்னுட்டீங்களே," என்று என் கையைப் பிடிக்கிறாள் மனைவி.

"ஷூ இல்லாம எப்படி ஓடறது?" என்கிறேன். கையை மட்டும் நான் விடவில்லை.