நாலரைச் சங்கு

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் நீளமான தொட்டிகளைத் தாண்டிப் போனால், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கூரைமேல் இருக்கும் சங்கு ஊதும். மூன்று மலைக்குக் கேட்கும். காலையில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட ஒரு தடவை. மாலை நாலரைக்கு, கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, பறித்ததை எடைபோடும் நிறுவைக்கு இறங்கி வர ஒரு தடவை. பத்தொன்பது வருடமாக அந்தப் பொத்தான் என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டியில் கொழுந்தைக் கிளறிவிடுவதுதான் என் வேலை, பொத்தான் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் நாலரைச் சங்கு பன்னிரண்டு நிமிடம் பிந்தி ஊதியது. மின்சாரம் போகவில்லை, இயந்திரமும் பழுதாகவில்லை. நான்தான் அழுத்தவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தால் என் மச்சானுக்கு வேலை போயிற்று.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். அவர் பிறந்தது எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பந்து அவருடைய இடது காலில் ஒட்டிக்கொண்டு வரும். ஹட்டனில் நடந்த ஒரு போட்டியைப் பார்க்க வந்திருந்த கொழும்புக் கழகத்துக்காரர் ஒருவர், ஆட்டம் முடிந்த கையோடு எங்கள் லயத்துக்கே வந்து அவருடைய அப்பாவிடம் பேசி அழைத்துப் போனார். எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பந்து விளையாடச் சம்பளம் வாங்கப் போனவர் அவர் ஒருவர்தான். ஒன்பது வருடம் விளையாடினார். பேப்பரில் அவர் படம் வந்தால் அக்கா அதை வெட்டி, சாமி படங்களுக்குக் கீழே சோற்றுப் பசையால் ஒட்டிவைப்பாள். பிறகு முழங்கால் போனது. இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் சரிவரவில்லை. ஒரு பையும் ஒரு நொண்டலுமாக ஊருக்குத் திரும்பினார்.

அவரை மறுபடி பந்தோடு சேர்த்துவைத்தது ஹட்டன் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு கழகம். சுற்றுவட்டாரத் தோட்டத்து இளைஞர்கள்தான் விளையாட்டுக்காரர்கள். மைதானம் எங்கள் தொழிற்சாலைக்கு நேர் கீழே. அதற்கு மச்சானை மேனேஜராகப் போட்டார்கள். எங்கள் ஊரில் மேனேஜர் என்றால் பங்களாவில் இருக்கும் துரை. ஆகவே கிழவர்களுக்குக் கொண்டாட்டம். "என்னா மேனேஜர் தொர, ஜீப்பு எங்க, நடந்தா போறீங்க?" என்று தினமும் யாராவது ஒருத்தர் கேட்பார். மச்சான் சிரித்துக்கொண்டே நொண்டிப் போவார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. பயிற்சியில்கூடக் கத்தமாட்டார். மற்ற அணிக்காரர்கள் ஆட்களை மலையேறி ஓடவிட்டுப் பழக்கும்போது, இவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமதரையைக் கேட்டு வாங்கி அங்கேயும் ஓடவிட்டார். "மேட்டுல ஏற நான் சொல்லித் தரணுமா ஒங்களுக்கு? சமதரையில ஓடத்தாங்க நமக்குத் தெரியல. கொழும்புல எனக்கு மொத மாசம் மூச்சு வாங்குனது எனக்குத்தான் தெரியும்" என்பார். ஆள் பார்க்கத்தான் சாது, உள்ளே எல்லாம் கணக்காக யோசித்து வைத்திருப்பார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. வாரத்தில் நான்கு நாள் பயிற்சி; நான்கு நாளும் சரியாக நாலு மணிக்கு. ஆண்களுக்கு வேலை மதியத்திலேயே முடிந்துவிடும், மூன்று மணிக்கே தொடங்கலாம். மழை தூறினாலும், பனிமூட்டம் இறங்கிக் கோல் கம்பமே தெரியாமல் போனாலும் நாலு மணிதான். நான் மேலே ஜன்னலில் நின்று நாலரைச் சங்கை ஊதும்போது ஆட்டம் நடுவில் இருக்கும். சங்கு ஊதியதும் மச்சான் பந்தைப் பார்க்கமாட்டார். பையன்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். எவனாவது ஒரு நொடி தயங்கினால், "மொதல்ல இருந்து" என்பார். அவ்வளவுதான், காரணம் சொல்லமாட்டார்.

காரணத்தை அக்காதான் ஒரு நாள் சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சின்ன வயசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கெல்லாம் நாலரைச் சங்கு என்றால் அம்மா வருகிறாள் என்று அர்த்தம். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, சங்கு ஊதினால் முடிந்தது. பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் செல்லாது. அப்படியே விட்டுவிட்டு நிறுவை நடக்கும் இடத்துக்கு ஓடுவோம். அம்மாவின் கூடையை வாங்கித் தூக்க. எந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை, காலில் ஊறிய பழக்கம்.

அக்கா சொன்னது இதுதான்: மச்சான் கொழும்புக்குப் போன முதல் வருடம், அவர் ஆடிய முதல் பெரிய ஆட்டம். மைதானத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஆலை. பந்து அவர் காலில். எதிரே கோல்காப்பாளர் மட்டும். ஆலையில் சங்கு ஊதியிருக்கிறது. கால் நின்றுவிட்டது. தலை தானாகத் திரும்பி மலையைத் தேடியிருக்கிறது. கொழும்பில் ஏது மலை! அந்த ஒரு நொடியில் பந்தைப் பறித்துக்கொண்டு போய் மற்றவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். அந்தக் கோலிலேயே தோல்வி. தோட்டத்தான் சங்கு கேட்டால் வேலையை நிறுத்திவிடுவான் என்று யாரோ சொல்ல, அந்த வருடம் முழுக்க உடை மாற்றும் அறைக்குள் அவர் நுழையும்போதெல்லாம் வாயால் சங்கு ஊதிச் சிரித்திருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் அவர் எத்தனையோ கோல் போட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போகவில்லை. "இப்பவும் வீட்டுல இருக்கையில சங்கு ஊதுனா, குடிச்சிக்கிட்டு இருக்கிற தேத்தண்ணியக் கீழ வச்சிருவாருடா. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்" என்றாள் அக்கா. தினமும் அந்தச் சங்கை ஊதுகிறவன் நான் அல்லவா?

அந்த வருடம் கழகம் நன்றாக ஆடியது. கடைசி ஆட்டம் லிந்துலைப் பக்கத்து அணியோடு, எங்கள் மைதானத்தில், ஒரு சனிக்கிழமை. ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம். சமனாக முடிந்தால்கூடப் போதாது. மேலே போகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகக் கழகத்துக்காரர்கள் மச்சானிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மூன்றேகாலுக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாலரைக்கு இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கும். அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் பயிற்சியில் மூன்று பேர் சங்குக்குத் தயங்கி நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தேன். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. என் கையால் அவர் வாழ்க்கையில் மறுபடி மண் விழவேண்டுமா என்று நினைத்தேன். ஒரு பத்து நிமிடம் பிந்தினால் யாருக்கு என்ன நட்டம்? யாரிடமும் சொல்லாமல் நானே முடிவெடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலரைக்கு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நான் பொத்தானுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியது. தூறல் பிடித்துக்கொண்டது. மேலே மலையில் பெண்கள் நிமிர்ந்து தொழிற்சாலைப் பக்கம் பார்ப்பதும், மறுபடி குனிவதும் ஜன்னலில் தெரிந்தது. அக்காவும் அங்கேதான் இருந்தாள். அதை நான் யோசித்தேனா என்றால், இல்லை. என் கண் முழுக்க மைதானத்தில். அப்போதுதான் மச்சான் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு நேராக என் ஜன்னலைப் பார்த்து வலது கையை உயரத் தூக்கினார். ஊது என்கிறார். அழுத்திவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பந்து எங்கள் இடதுபக்கத்துப் பையனிடம் இருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரும் நிற்கவில்லை. நின்றது லிந்துலைக்காரர்கள். பாவம், அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தானே. வராத சங்கு திடீரென்று வந்ததும் பின்னால் நின்ற இரண்டு பேர் அப்படியே சிலையாகிவிட்டார்கள். எங்கள் பையன் அவர்களுக்கு நடுவே புகுந்து கோல் போட்டான். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது. மேளச் சத்தத்தில் தொழிற்சாலைத் தகரமே அதிர்ந்தது. நானும் பைத்தியக்காரன் மாதிரி மாடியில் குதித்தேன்.

கீழே இறங்கிப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. லிந்துலை அணியின் மேனேஜர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்; மரியாதையான மனிதர். அவர் நடுவரிடம் குரல் உடைந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலரைக்கு ஊத வேண்டிய சங்கு சார் அது. இவரு கையத் தூக்குனாரு, ஊதிச்சு. எல்லாரும் பாத்தாங்க. மேல இருக்கிறது இவரு மச்சினன். என் புள்ளைங்க ஏமாந்து நின்னுட்டாங்க சார்." நடுவர், சங்கைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, கோல் கோல்தான் என்றார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மச்சான் மட்டும் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப்பிடித்து, தொழிற்சாலைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனார்.

"என்னாச்சி மாப்ள? கரண்டு இல்லையா?"

ஆமாம், கரண்டு இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தாங்க மச்சான் ஊதல. அக்கா எல்லாஞ் சொல்லிச்சி. பயலுக நின்னுருவானுங்களோன்னு..."

அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மலையில பொம்பளைங்க மழையில நிக்கிறாங்க. அதுக்குத்தான் கையத் தூக்குனேன்" என்றார். பிறகு மெதுவாக, "கொழும்புக்காரன் அப்பிடி நெனச்சான், சரி. நீயுமாடா நாங்க நின்னுருவோம்னு நெனச்ச?" என்றார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா அந்த நேரம் பார்த்து நனைந்த கூடையோடு வந்து, "பன்னெண்டு நிமிசம் மலையில நின்னோம்டா, வெளங்குவியா நீ?" என்று தன் பங்குக்குப் போட்டாள்.

மச்சான் அன்று மாலையே போட்டிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சங்கு பிந்தியது தன் வீட்டு ஆளின் தவறு. அந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம். லிந்துலை மைதானத்திலேயே மறுபடி ஆடுகிறோம். கழகத்துக்காரர்கள் தாம்தூம் என்று குதித்தார்கள். "நீங்க எங்க மேனேஜரா, அவங்க மேனேஜரா?" என்று கேட்டார்கள். அவர் அசையவில்லை. எங்கள் பையன்கள்கூட இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவர்களே வந்து, "போவோம் அண்ணே, அங்க ஆடிப் பாத்துக்குவோம்" என்றார்கள்.

போட்டிக் குழுவும் சம்மதித்தது. மறு ஆட்டத்துக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். லிந்துலையில் மைதானத்தை ஒட்டியே அவர்களுடைய தொழிற்சாலை. இரண்டாம் பாதியிலும் கோல் விழவில்லை. சரியாக நாலரைக்கு அவர்களுடைய சங்கு ஊதியது. எங்கள் சங்கைவிடப் பெரிய சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பதினொரு பேரில் ஒருவனும் நிற்கவில்லை. வாத்தியாரும் அந்த வாரம் முழுக்கத் தன் பிள்ளைகளைப் பழக்கியிருப்பார் போல, அவர்களிலும் ஒருவன்கூட நிற்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த மச்சான் மெல்லக் குனிந்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. மேல் பிரிவு போயிற்று. மச்சானின் வேலையும் போயிற்று. நோர்வூட் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்குக் கூசியது. அவரே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பஸ் தலவாக்கலையைத் தாண்டியது. பிறகு என் தொடையில் தட்டி, "பாத்தியாடா மாப்ள? ஒருத்தனும் நிக்கல" என்றார். வேலை போன மனிதர் அவர். அப்படி ஒரு சந்தோஷமான முகத்தை, பேப்பரில் வந்த எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அக்கா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. மச்சான் ஒரு வருடம் ஹட்டனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பிறகு அந்த வாத்தியாரே தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கொழும்பில் ஒரு கழகத்துக்கு அவரை உதவி மேனேஜராகச் சேர்த்துவிட்டார். இன்று அந்தக் கழகத்துக்கு அவர்தான் மேனேஜர். அக்காவும் பிள்ளைகளும் அங்கேதான். அவ்வப்போது போன் எடுத்து, மழை எப்படி, கொழுந்து எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், "சங்கு நேரத்துக்கு ஊதுறியா?" என்பார். கிண்டல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

நேற்றும் கீழே மைதானத்தில் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மச்சானைப் பார்த்தே இராத பிள்ளைகள். பெண் பிள்ளைகளும் நான்கு பேர் இருந்தார்கள். நான் ஜன்னலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை. பொத்தானை அழுத்தினேன். மேலே மலையில் பெண்கள் நிமிர்ந்து, கூடையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள். கீழே பந்து ஓடிக்கொண்டே இருந்தது; ஒரு பிள்ளையும் நிற்கவில்லை.