சுனையில் ஓட்டை போட்டவர்கள்: சூளகிரிப் பாறைக்கு ஒரு பயணம்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இந்தக் கட்டுரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. லீவு கிடைத்தால் பாறை பார்க்கக் கிளம்பிவிடுவேன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புவி அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் 'செய்திகளும் நிகழ்வுகளும்' என்று ஒரு பக்கம் உண்டு. யாருக்கு விருது, எந்த ஊரில் கருத்தரங்கு, எந்த மலையில் புதிதாக ஆய்வு என்று போடுவார்கள். மற்றவர்கள் சினிமாச் செய்தி படிப்பதுபோல நான் அதைப் படிப்பேன். ஆவணி மாதம் அதில் இரண்டு செய்திகள் வந்தன. சூளகிரிப் பக்கம் மிகப் பழைய பாறை ஒன்றிலிருந்து மாதிரிகள் 'வெற்றிகரமாக' எடுக்கப்பட்டனவாம். ஊர் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றியாம். கூடவே ஒரு படம்: தொப்பி போட்ட நாலைந்து பேருக்கு ஒரு பெண் சொம்பிலிருந்து மோர் ஊற்றுகிறார். இரண்டாவது செய்தி, கிருஷ்ணகிரிக்கு வெளியே இருக்கும் அவர்களுடைய கள மையத்தை வரும் சனிக்கிழமை பொதுமக்கள் பார்க்கலாம் என்பது. காலையில் பாறை, மதியம் மையம் என்று திட்டம் போட்டேன்.

சேலத்தில் காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரிக்கு இரண்டரை மணி நேரம். அங்கே டிபன் முடித்துவிட்டு ஓசூர் பஸ். சூளகிரி இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் கேட்டு ஏறுங்கள். சில பஸ்கள் ஊருக்குள் திரும்பாமல் மேம்பாலத்திலேயே பறந்துவிடும். கம்பெனி பஸ்களும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளும் நம் பஸ்ஸை உரசுகிற மாதிரி போகும். ஜன்னலோர சீட் வேண்டாம் என்பது என் கருத்து.

சூளகிரியில் பாறைக்குப் போய் வர ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் பேசினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே வந்தார்.

"குவாரிக்கு எடம் பாக்க வந்தீங்களா மேடம்?"

"இல்லைங்க, சும்மா பாறை பார்க்க."

"போன தடவ சும்மா பாக்க வந்தவங்கோ மிஷினோட வந்தாங்கோ. ரத்னம்மா கிட்ட கேட்டுட்டு ஏறுங்கோ. கேக்காம ஏறுனா மூணு பாஷையிலயும் திட்டு விழும்."

ரத்னம்மாவின் வீடு பாறையின் அடிவாரத்திலேயே இருந்தது. நாற்பது வயதிருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் அரிவாளோடு எழுந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. படத்தில் மோர் ஊற்றியவர் இவர்தான். அதைச் சொல்லிப் போனில் படத்தைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஒத்துழைப்பா? அப்பிடியா போட்டிருக்காங்கோ?" என்றார். "வாங்கக்கா, மேல வாங்க. அவங்க ஒத்துழைச்ச லட்சணத்தப் பாருங்க."

பாறை அழகு. அதையும் சொல்லிவிட வேண்டும். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடுகள் வளைந்து மடிந்து, பிசைந்த மாவைப் போலக் கிடந்தன. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் வெந்து நெளிந்த கல். அந்த மடிப்புகளில் மிக அழகானவையாகப் பார்த்து வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் நுழைகிற அகலம், ஒரு சாண் ஆழம். பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் எண்கள். பல் பிடுங்கிய வாய் போல இருந்தது. ஓட்டையை யார் கண்ணிலும் படாத ஓரத்தில் போட்டிருக்கலாம். எடுத்த பிறகு அடைத்திருக்கலாம். பெயின்ட்டையாவது துடைத்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை.

நான் அதற்கே கொதித்தேன். ரத்னம்மா நிற்கவே இல்லை. "அது கெடக்கட்டும், இதப் பாருங்க" என்று மேலே ஒரு பள்ளத்துக்குக் கூட்டிப்போனார்.

அது ஒரு சுனை. மழைத்தண்ணீர் தேங்கும் பாறைப் பள்ளம். அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் தொணெ என்கிறார்கள். ரத்னம்மாவின் இரண்டு கறவை மாடுகளும் பக்கத்து வீட்டு ஆடுகளும் தை மாசி வரை குடிப்பது இதைத்தான். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் வீட்டுச் செலவு நடக்கிறது.

பங்குனியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் நின்றபோது அவர்கள் வந்தார்களாம். காய்ந்து கிடந்த சுனையின் சரிவில் டிரில் போட்டார்கள். டிரில் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, அதையும் அந்தச் சுனையிலிருந்தே மொண்டு ஊற்றினார்கள். இவர் வெயிலுக்கு மோர் கொடுத்தார். பிறகு ஆடியில் நல்ல மழை. சுனை தளும்பியது. மறுநாள் பார்த்தால் அடியில் கால் பங்கு மட்டும்.

"நம்ப மாட்டீங்க, இருங்க" என்று கீழே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். சரிவில் இருந்த ஓட்டையில் சாய்த்தார். களக் களக் என்று முழுக் குடமும் உள்ளே போயிற்று. இந்த மாதிரிப் பாறைகள் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். மேலடுக்கைத் துளைத்துவிட்டால் இரண்டு அடுக்குக்கும் இடையில் இருக்கும் விரிசல் வழியே தண்ணீர் ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் பாறைக்குக் கீழே ஒரு இடுக்கில் ஈரக்கோடு இறங்குவதைக் காட்டினார். பாறையைப் பற்றியே படித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அவங்களுக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணேன். மெயில் போடுன்னாங்கோ. எனக்கு மாடுதான் தெரியும், மெயில் எங்க தெரியும்?"

அவர்களுடைய மையத்துக்குத்தான் அடுத்துப் போகிறேன், நான் கேட்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எதுக்குக் கேக்கோணும்? சொனை எங்களுது. நானும் வர்றேன்." பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

கள மையம் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிடம். அனுமதி இலவசம். வாசலில் பலூன், உள்ளே பள்ளிப் பிள்ளைகள், நிலநடுக்கமானி, எரிமலை மாடல். நடுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் மெருகேற்றிய கல் உருளைகளை வரிசையாக நிறுத்தி, கீழே விளக்குப் போட்டிருந்தார்கள். ஒன்றின் அடியில் 'சூளகிரி அருகில்' என்று எழுதியிருந்தது. ரத்னம்மா கண்ணாடியில் கை வைத்து அந்த உருளையைக் குனிந்து பார்த்தார்.

மாதிரி எடுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அங்கேயே இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அது ரொம்பச் சின்ன துளை மேடம். பாறைக்கு ஒண்ணும் ஆகாது."

"பாறைக்கு ஆகலை சார். தண்ணி போகுது."

"அது புறம்போக்கு. முறையா அனுமதி வாங்கித்தான் பண்ணோம்."

"பொறம்போக்குன்னா ஓட்ட போட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்றார் ரத்னம்மா. "மோர் குடிச்சீங்களே, அப்ப ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் ரத்னம்மாவைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். அடைப்பதற்குத் திட்டத்தில் நிதி ஒதுக்கவில்லையாம். எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவாராம். ஆய்வுக் கட்டுரையில் ஊர்ப் பெயரைப் போட்டு நன்றி சொல்வார்களாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற என் குரல் அங்கே வரவில்லை.

ரத்னம்மாவுக்கு வந்தது. அடுத்த கூட்டம் பெட்டி அருகே வந்ததும் விளக்கம் சொல்ல நின்ற இளைஞரை முந்திக்கொண்டு அவர் ஆரம்பித்தார். "இங்க பாருங்க கண்ணுங்களா. இந்தக் கல்லு எங்க மாடு தண்ணி குடிக்கிற சொனையில இருந்து பேத்தது. இங்க இது பளபளன்னு நிக்குது. அங்க தண்ணி ஒழுகிப் போவுது." பாகலூர்ப் பக்கத்துப் பள்ளி வந்தபோது தெலுங்கில் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்குக் கன்னடத்தில் சொன்னார். கத்தவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே பொறுமை. நிலநடுக்கமானி பக்கம் ஆள் குறைந்து, பெட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஒரு பள்ளியோடு வந்த ஆசிரியர், "அடைச்சுக் கொடுக்க வேண்டியதுதானே சார்?" என்று எல்லார் முன்பும் கேட்டார்.

குழுத் தலைவர் விரைந்து வந்தார். "ஏம்மா, ரூமுக்கு வாங்க, உக்காந்து பேசலாம்."

"ரூமுல என்னாத்துக்கு? ஓட்ட வெட்டவெளியிலதான போட்டீங்க. இங்கியே சொல்லுங்க."

அத்தனை பேர் பார்க்க, அடுத்த வாரமே ஆள் அனுப்பி அடைத்துத் தருவதாகச் சொன்னார். ரத்னம்மா அவர் சொன்னதையும் மூன்று மொழியில் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். பால் கறக்க நேரமாகிவிட்டது என்று அவர் சூளகிரி பஸ் ஏறினார், நான் சேலம் பஸ் ஏறினேன்.

சொன்ன வாரம் யாரும் வரவில்லை. நான் தினமும் போன் செய்தேன். புரட்டாசிக் கடைசியில் இரண்டு பேர் வந்து, கல்தூளும் பிசினும் கலந்து எல்லா ஓட்டைகளையும் அடைத்துப் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டுப் போனார்கள். ஒரு காலைப் பொழுது வேலை. அவ்வளவு சின்ன வேலைக்குத்தான் அத்தனை பேச்சு.

இரண்டு நாளில் அவர்கள் இணையதளத்தில் புதுச் செய்தி: 'சமூகப் பணி: கிராம நீர்நிலை சீரமைப்பு'. யார் கெடுத்தது என்று ஒரு வரி இல்லை. படித்தபோது எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை. நிறுவனத்தின் பெயரைப் போட்டே எழுதியிருந்தேன். ரத்னம்மாதான் எடுக்கச் சொன்னார். "மறுபடி ஒழுகுனா அவங்களத்தானக்கா கூப்பிடோணும்?"

போக நினைப்பவர்களுக்கு: அந்தப் பாறைக்கு வழி சொல்ல மாட்டேன், கருத்துப் பெட்டியில் கேட்காதீர்கள். சூளகிரி, கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரத்தில் ரோட்டிலிருந்தே பார்க்கக்கூடிய பாறைகள் ஏராளம். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். சுத்தியல் வேண்டாம். ஒரு சில்லுகூட உடைக்க வேண்டாம். அடிவாரத்தில் வீடு இருந்தால் அது வெறும் பாறையல்ல, யாரோ தானியம் காயவைக்கும் களமோ, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியோ. கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆய்வுக்குப் போகிற மாணவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு இரண்டு மடங்கு சொல்கிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி போனேன். சுனை விளிம்பு வரை நிறைந்து கிடக்கிறது என்று போனிலேயே சொல்லியிருந்தார். அதைக் கண்ணால் பார்க்க ஆசை. என்னைக் கண்டதும் ரத்னம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார், காபி கொடுத்தார், வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். நான் மேலே ஏற எழுந்ததும் வாசலை மறித்து நின்றார்.

"கோச்சுக்காதீங்கக்கா. சுத்தியல் கித்தியல் இல்லன்னு பையத் தொறந்து காட்டிட்டுப் போங்க."

திறந்து காட்டினேன்.