மூச்சை அடக்காமல் பிடித்த பாவு

இரண்டு வருடங்களுக்கு முன், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவையை நானே நெய்ய வேண்டும் என்று ஆசை. முழங்கால் வலியோ, காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக் குழியிலிருந்து எழவே விடவில்லை. "வேற யாராவது நெய்யட்டும்" என்றார் கணவர். அந்தச் சொல் எனக்கு வலியைவிட அதிகமாக வலித்தது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண்ணிடம் அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"நாள் முச்சூடும் தறி மிதிய மிதிச்சுக்கினுதாம்மா இருக்கறேன். இன்னும் என்ன பயிற்சி?"

"அது உங்க காலுக்குப் பழகிப்போச்சுமா. புதுசா எதிர்ப்பு குடுத்தாத்தான் சதை பலமாகும்."

நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழச் சொன்னாள். நம் உடம்பின் எடைதான் அதில் சுமை. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கச் சொன்னாள்; இழுக்க இழுக்க அது பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி திருப்பி இழுத்தது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, தூக்கியதைவிட மெதுவாக இறக்கச் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் வேடிக்கை. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, அசையாமல் நிற்க வேண்டுமாம். அசையாவிட்டாலும் சதை வேலை செய்யுமாம்.

"மூச்ச மட்டும் அடக்காதீங்கமா. பேசிக்கினே செய்ங்க" என்றாள். பேச எனக்கா சொல்லித் தர வேண்டும்?

தினமும் சுவரோடு நின்றுகொண்டு அன்றைய சமையலைப் பற்றிச் சத்தமாகப் பேசுவேன். "நீ செவுத்துக்கு முட்டு குடுக்கறியா, செவுரு உனக்கு முட்டு குடுக்குதா?" என்று கணவர் கேலி செய்வார். ஆனால் மெல்ல மெல்ல, கையூன்றாமல் குழியிலிருந்து எழ ஆரம்பித்தேன்.

கல்யாணப் புடவைக்கான பாவை, அதாவது நீளவாக்கு இழைகளை, தெருவில் நீட்டிக் கட்டினோம். பட்டு இழைகளை விறைப்பாக இழுத்துப் பிடித்து, அறுந்ததை முடிந்து, பிறகுதான் தறிக்கு ஏற்றுவோம். அக்கம்பக்கத்தார் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் அந்தக் கோடியில். இந்தக் கோடியில், பாவின் கயிற்றைக் கட்டியிருந்த மர முளைக்குப் பக்கத்தில் நான். முந்தின நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. முளை ஆடியது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

கயிற்றை எட்டிப் பிடித்தேன். விட்டால் அத்தனை பட்டும் சேற்றில் விழுந்து சிக்கலாகிவிடும். உள்ளங்கை எரிந்தது. பின்னால் சாய்ந்து முழங்காலை மடித்தேன். சுவர் இல்லை, மற்றபடி அதே நிலை. பயத்தில் மூச்சு நின்றுபோனது. அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வர, வாயில் வந்ததைச் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன்.

"கத்திரிக்காய நாலா கீறிக்கோ. எண்ணெய்ல வதக்கு. புளியக் கரைச்சு ஊத்து…"

"இன்னாமா, காலங்காத்தால கொழம்பு வெச்சிக்கினு இருக்கற?" என்று அந்தக் கோடியிலிருந்து கணவர் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரிதான் நிமிர்ந்து, கீழே கிடந்த முளையைப் பார்த்தாள். ஓடி வந்து என்னோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தாள். மற்றவர்கள் முளையைத் தள்ளி அடித்துக் கட்டும்வரை என் கால் நடுங்கியது, ஆனால் நகரவில்லை. சில இழைகள்தான் அறுந்தன. அவற்றை முடிந்துவிட்டு, அந்தப் பாவில் நானே நெய்தேன்.

அந்தப் புடவையோடு மகள் காரில் ஏறியபோது, மூச்சை அடக்காமல் வாயைத் திறந்தேன். "கொழம்புக்குக் கத்திரிக்காய நாலா கீறணும், மறந்துடாத" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இழுக்கிற பக்கம் சாய்ந்துவிடாமல் நின்ற இடத்தில் நிற்பதற்குத்தான் அதிக பலம் வேண்டும் என்பதும், அப்போது மூச்சை அடக்கக் கூடாது என்பதும், கார் தெருமுனை திரும்பும்வரை எனக்குத் துணையாக இருந்தன; இன்றும் இருக்கின்றன.