ஒட்டாத சுவர்

வேலையிடத்தில் கொத்தனாருக்குப் பட்டப்பெயர் தூக்குக்குண்டு. அவர் எழுப்பிய சுவர் மயிரிழை சாய்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட கைதான், பெற்ற மகனுக்காகக் கட்டிய சுவரில் காலை வாரிவிட்டது.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு வரவில்லை, அலறல் மட்டும் வந்தது. அதைத் தாள முடியாமல் ஆறு வீட்டுக்காரர்கள் அவர்களை அனுப்பிவிட்டார்கள். ஏழாவது வீட்டின் சொந்தக்காரியான அம்மாள், நடுச்சுவருக்கு அப்பால் குடியிருக்கும் இதய நோயாளி. உள்ளே இன்னொரு சுவர் எழுப்பிக்கொள்ளச் சம்மதித்தார், கெடு வைத்து.

“ஞாயித்துக்கிழமை காலைல நானே நின்னு கேப்பேன். சத்தம் வந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்குங்க, கொத்தனாரே. என் நெஞ்சு தாங்காது.”

பழைய சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிப் புதுச்சுவர் எழுந்தது. ஓரங்களில் ரப்பர் பட்டை, இடைவெளியில் சத்தத்தை விழுங்கும் கண்ணாடிப் பஞ்சு. ஒரு சுவர் மற்றதைத் தொடவே கூடாது என்று பஞ்சு விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை மகன் அலறியபோது, மனைவி அம்மாள் வீட்டில் நின்று கேட்டாள். திரும்பியவளின் முகம் செத்திருந்தது.

“அப்படியே கேக்குதுங்க.”

கொத்தனார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சட்டென்று புரிந்தது. தனிச்சுவர் நிற்காது என்னும் முப்பதாண்டுப் பழக்கத்தில், நான்கு செங்கல் வரிசைக்கு ஒரு கல்லைக் குறுக்கே நீட்டிப் பழைய சுவரோடு பிணைத்திருந்தார். மனம் அறியாமல் கை செய்த வேலை. மொத்தம் ஒன்பது கற்கள். ஒன்பதின் வழியாகவும் அலறல் நடந்து போயிருந்தது.

“இத்தனை சொல்லியும் அந்தக் கை கேக்கலையே! சாமானை மூட்டை கட்டவா?”

“வாயை மூடிட்டு உளியை எடு.”

“கல்லை உருவினா செவுரு சாஞ்சுடாதா?”

“சாஞ்சா என் மேல சாயட்டும்.”

இருட்டுமுன் ஒன்பதையும் பெயர்த்து, அங்கெல்லாம் அரைக்கல் வைத்து அடைத்தார். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

ஞாயிறு காலை, அம்மாள் அந்தப் பக்கம் காத்து நின்றார். இந்தப் பக்கம் மகன் வாயே திறக்கவில்லை.

“கத்துடா ராசா. அப்பாவுக்காக ஒரே ஒரு தடவை.”

“இத்தனை வருஷமா கத்தாதேன்னு காலைப் புடிச்சோம். இன்னிக்குப் பாருங்க, சாமியார் மாதிரி உக்காந்திருக்கான்!” மனைவி அழுதாள்.

கொத்தனார் சுவரை நோக்கித் திரும்பினார். தாமே அலறினார். ஆறு வீடுகளும் அந்தக் குரலில் இருந்தன. மூச்சு முட்டும்வரை, மறுபடியும், மறுபடியும். மகன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினான்.

கதவு தட்டப்பட்டது. அம்மாள் முழங்காலைப் பிடித்தபடி நின்றார்.

“கால் கடுக்குது, கொத்தனாரே. எப்பத்தான் ஆரம்பிக்கப் போறீங்க?”

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.