இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு கம்பைலர் கேஷ்

போன வாரம் எங்கள் வீட்டில் பிரவுசர் திறக்கவில்லை. இதெல்லாம் ஒரு சம்பவமா என்பீர்கள். மறுநாள் மதியம் என் மனைவி கலைவாணிக்கு வீடியோ இன்டர்வியூ!

கலைவாணி வடலூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். பல வருஷமாக கான்ட்ராக்ட். இப்போதுதான் பர்மனென்ட் ஆக்க ஹெட் ஆபீஸ் கூப்பிட்டிருக்கிறது. செல்போன் கூடாது, கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் நான் போட்டிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எந்த சாஃப்ட்வேரும் ரெடிமேடாக வராது. சோர்ஸ் கோடாக வரும். நாமே அதை கம்பைல் செய்து, ஓடுகிற சாஃப்ட்வேராக மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் பாக்கெட் மாவு இருக்கும்போது வீட்டில் அரிசி ஊறப்போடுகிற ரகம் நான். பிரவுசர் கம்பைல் ஆக ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

அன்று காலையில் சும்மா இருக்காமல் அப்டேட் கொடுத்தேன். பிரவுசர் நம்பியிருந்த ஏதோ ஒரு லைப்ரரி ஃபைல் மாறியது. பழைய பிரவுசர் படுத்துவிட்டது. புதியதை கம்பைல் போட்டேன். பாதியில் கரன்ட் போனது. ஊருக்கெல்லாம் கரன்ட் தயாரிக்கும் எங்கள் நெய்வேலியில் கரன்ட் போகுமா? போகும். மறுபடி முதலிலிருந்து...

பக்கத்து குவார்ட்டர்ஸில் இருக்கும் ஜெயந்தி, வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்; ஆனால் அவருடைய ஆபீஸ் லேப்டாப்பை வேறு யாரும் தொடக் கூடாதாம். எட்டிப் பார்த்தார்.

"கம்பைலர் கேஷ் போடலியாண்ணா? ஒரு தடவை கம்பைல் பண்ணதை எடுத்து வெச்சுக்கும். திரும்பக் கேட்டா அப்படியே குடுத்துடும்."

நல்ல யோசனை. ஆனால் என் சிஸ்டத்தில் கிடைத்தது பழைய வெர்ஷன். புது கம்பைலரோடு ஒத்துப்போகவில்லை. நானே பேக்கேஜ் எழுத உட்கார்ந்தேன் — சோர்ஸ் எங்கே கிடைக்கும், கூட என்னென்ன வேண்டும், எந்த டைரக்டரியில் போய் உட்கார வேண்டும்... முதலில் செக்சம் தப்பு, அதாவது இறக்கிய ஃபைல் சரிதானா என்று பார்க்கும் எண் ஒத்துவரவில்லை. அப்புறம் ஒரு லைப்ரரியைக் காணோம்.

"என்னங்க, பிரவுசர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

"அதைச் சீக்கிரம் முடிக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அதைச் சீக்கிரம் முடிக்க ஒண்ணு போடக் கூடாதா?"

சாயங்காலம் கேஷ் இன்ஸ்டால் ஆனது. பிரவுசரை ஆரம்பித்தேன். முதல் தடவை கேஷ் காலி, செய்ததை எடுத்து வைக்கிற வேலை வேறு, அதனால் வேகம் முன்பைவிடக் குறைவு. இதை ஜெயந்தி சொல்லவில்லை.

மறுநாள் காலை, முக்கால்வாசி முடிந்திருந்தபோது திரும்பவும் கரன்ட் போனது. கலைவாணி தன்பாட்டுக்கு புடவைக்கு சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கரன்ட் வந்ததும் மறுபடி போட்டேன். திரையில் வரிகள் பறந்தன! ஏற்கெனவே செய்ததெல்லாம் கேஷிலிருந்து கொட்டியது. கலைவாணி தலைவாரி முடிப்பதற்குள் நின்ற இடத்தைத் தாண்டிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசர் திறந்தது. எனக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

திரையில் மூன்று பேர். நடுவில் அவளுடைய வடலூர் மேனேஜரே! முதல் கேள்வியும் அவருடையதுதான்.

"லேப் வேலையில முன் அனுபவம் இருக்கா?"

"இருக்குங்க சார். போன வாரம் உங்களுக்கு ரத்தம் எடுத்தது நான்தான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

கலைவாணிக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. ஒரு தடவை செய்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள மெஷினுக்கு ஒரு சாஃப்ட்வேர் போதும். ஆபீஸ்களுக்கு?

ஜாயின் பண்ண வரும்போது முன் அனுபவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம் — கையெழுத்துப் போட வேண்டியவர் அதே மேனேஜர்.