இரண்டு பேட்டரிக் கட்டைகளும் அத்தையின் கிட்டாரும்

1990 மே மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். ஆறேகாலுக்குக் குடும்ப ஜெபம். அப்பா சங்கீதம் வாசிக்க, அம்மா ஜெபித்தாள். ஏழு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது; எங்கள் முறைக்கு எட்டுக் குடம். எட்டு மணிக்கு இட்லி, தக்காளிச் சட்னி. எட்டரைக்கு அத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் நடத்தப் போனாள், பன்னிரண்டரைக்குத் திரும்பினாள். ஒன்றிலிருந்து மூன்று வரை கரண்ட் இல்லை. இவ்வளவும் பென்சிலால் எழுதியிருக்கிறது. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்து, அவர் எழுதாமல் என்னிடம் தந்துவிட்ட டைரி அது. எனக்கு அப்போது பத்து வயது. சங்கரன்கோவிலில் மே மாத விடுமுறையில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர்க் குடங்களைத் தவிர எழுத அதிகம் கிடைக்காது. அன்றைக்குக் கிடைத்தது.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தை தன்னுடைய சொந்தக் குழுவோடு முதன்முதலாக மேடை ஏற இருந்தாள்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. வயது இருபத்தாறு. கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பழகி, பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய், அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று வருஷம் பின்வரிசையில் நின்று வாசித்தாள். அந்தக் குழு கலைந்தபோது அதன் எலக்ட்ரிக் கிட்டாரைத் தன் சம்பள பாக்கிக்கு ஈடாக எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். சிவப்புக் கிட்டார். கீழ் மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். சேலைக்குமேல் அதன் வாரை மாட்டி, தோளில் ஊக்கு குத்திக்கொள்வாள்.

அவள் சேர்த்த குழுவில் நான்கு ஆண்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து கீபோர்டு அண்ணன். ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, அத்தையைவிடப் பத்து வயது மூத்தவர். ராயகிரியிலிருந்து டிரம்ஸ் அண்ணன். பாடுகிறவர் ஒருவர், அவர் மேடையில் மட்டும் வாய் திறப்பார். பேஸ் கிட்டார் வாசித்தவர் எங்கேயும் திறக்கமாட்டார். மேடையில் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று தொடங்கி வைக்கிறவர்தான் குழுத்தலைவர். அந்த ஒன், டூ தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது கீபோர்டு அண்ணனின் எண்ணம். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. எந்தப் பாட்டைக் கேட்டாலும் உடனே வாசிப்பார். அவர் வீட்டில் கீபோர்டு இருந்தது. அவருக்கு மீசையும் இருந்தது.

அந்தக் காலத்தில் எந்தக் கச்சேரியும் பாட்டில்லாத ஓர் இசையோடுதான் தொடங்கும். அதை வைத்துத்தான் ஊர் ஒரு குழுவை எடைபோடும். மற்ற குழுக்கள் சினிமா இசையை வாசிக்கும். அத்தை தேர்ந்தெடுத்தது வேறு. கடையநல்லூர் மாமா அப்பாவோடு கல்லூரியில் படித்தவர், வளைகுடாவில் வேலை பார்த்தவர். அந்தப் பிப்ரவரிக் கடைசியில் விடுப்பில் வந்திருந்தபோது, எங்களைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்து, அத்தைக்கு ஒரு கேசட் கொடுத்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் கிட்டார் வாசித்துக்கொண்டே தன் குழுவையும் நடத்துவார். கிட்டார் பேசுகிற மாதிரி இருக்கும். அதுவும் குறை சொல்லிப் பேசுகிற மாதிரி. "ஏட்டி, இதுக்குப் பேரு ப்ளூஸ். கறுப்பு சனங்க வேலைக்காட்டுல பாடுன பாட்டு. இவுக எடுத்து வேகத்தக் கூட்டிட்டாக" என்று அத்தை எனக்குச் சொன்னாள்.

எனக்கு மாமா கொடுத்தது ஒரு பொம்மை ரயில். ஒரு பக்கம் மேடாக உயர்ந்த வட்டமான தண்டவாளத்தில் விளக்கெரிந்துகொண்டு ஓடும். அதற்குப் பெரிய பேட்டரிக் கட்டை இரண்டு வேண்டும். புதிதாக இருந்தால்தான் மேட்டில் ஏறும்.

அத்தை பழகியது மொட்டை மாடியில். அங்கே பிளக் கிடையாது. டேப் ரிக்கார்டர் நான்கு கட்டையில் ஓடியது. என் ரயிலுக்கு வேண்டிய அதே கட்டை. மார்ச் முதல் வாரத்தில், அத்தை இன்ஸ்டிட்யூட் போயிருந்தபோது, டேப்பிலிருந்து இரண்டு புதுக் கட்டைகளை எடுத்து ரயிலில் போட்டேன். ரயிலில் இருந்த பழைய இரண்டையும் டேப்பில் வைத்து மூடினேன். ரயில் ஓடியது. அன்று சாயங்காலம், அத்தை வீட்டில் முதன்முதலாக அந்தக் கேசட்டைப் போட்டபோது, பாட்டு நடந்தது.

வெள்ளைக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கிட்டார் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து வைத்தது. திட்டு விழும் என்று கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை திட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, டேப்பின் சுதிக்கு இறக்கினாள். தளர்ந்த கம்பியை விரலால் மேலே தள்ளினால் சத்தம் நெடுநேரம் வளைந்து போனது. அதையே இருபது தடவை செய்தாள்.

இரண்டு மாதம் அந்தப் பாட்டு அப்படியே வளர்ந்தது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து, நான்கு அண்ணன்மாரும் மாடிக்கு வந்து அதே டேப்பைக் கேட்டுப் பழகினார்கள். ஒரு நாள் அப்பா, டேப் இழுக்கிறதே, புதுக் கட்டை வாங்கி வரட்டுமா என்று கேட்டார். "வேண்டாம்ண்ணே, இதே இருக்கட்டும்" என்றாள் அத்தை. அன்று இரவு ஜெபத்தில் நான் தனியாகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், எதற்கென்று சொல்லவில்லை.

மே ஐந்தாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்கு வீட்டு வாசலில் வேன் நின்றது. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. டிரம்ஸும் பெட்டிகளும் ஏறிக்கொண்டிருந்தன. அப்போது கடையநல்லூர் மாமா வாடகைக் காரில் வந்து இறங்கினார். அந்த வாரம்தான் ஒரு வீட்டு விசேஷத்துக்காக மறுபடியும் விடுப்பில் வந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "தங்கச்சி, ஒனக்குத் தந்த பாட்டுதான், எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு, கேளு" என்று காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, சத்தமாகப் போட்டார்.

தெருவே கேட்டது. அந்தப் பாட்டு ஓடியது. நாங்கள் இரண்டு மாதமாகக் கேட்ட அதே பாட்டு. ஆனால் யாரோ துரத்துவதுபோல் ஓடியது. குரல் கிணற்றில் இல்லை, கூரைமேல் இருந்தது.

முதலில் சிரித்தது டிரம்ஸ் அண்ணன். "என்னவே இது! அவன் மோட்டார் சைக்கிள்ல போறான், நாம மாட்டு வண்டி கட்டிட்டு இருக்கோம்லா!"

கீபோர்டு அண்ணன் சிரிக்கவில்லை. நேராக மாடிக்குப் போய் டேப் ரிக்கார்டரை எடுத்து வந்து, எல்லோருக்கும் முன்னால் பின்பக்க மூடியைத் திறந்தார். இரண்டு கட்டைகள் நல்ல நிலையில் இருந்தன. இரண்டு கட்டைகள் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கசிந்திருந்தன.

"செத்த கட்டைய வச்சு ரெண்டு மாசம் படிச்சிருக்கோம், பாத்துக்கிடுங்க" என்றார். "டீச்சர், இத வாசிச்சா நாளைக்கு ஊருக்குள்ள நடக்க முடியாது. சினிமாப் பாட்டு ஒண்ணு வச்சுத் தொடங்குவோம். இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒன், டூ நான் சொல்லுதேன்."

ஒரு நாளைக்கு என்று அவர் சொன்னாலும், அது ஒரு நாளைக்கானது அல்ல என்பது எனக்கே தெரிந்தது. முதல் மேடையில் யார் சொல்கிறார்களோ அவர்கள்தான் பிறகும் சொல்வார்கள். அத்தை கசிந்த கட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தெரிஞ்சுதான் மெதுவா வச்சேன்" என்றாள்.

"காதுல பூ சுத்தாதிய டீச்சர்."

"எனக்கு அப்படித்தான் வேணும். ஒன், டூ நான்தான் சொல்லுவேன். இஷ்டமில்லாதவிய இப்பவே எறங்கிக்கிடலாம்."

மாமா காரின் பாட்டை அணைத்தார். டிரம்ஸ் அண்ணன்தான் முதலில் வேனில் ஏறி உட்கார்ந்தார். "எனக்கு மெதுவா அடிச்சாத்தான் கை வலிக்காது. நான் வாரேன்" என்றார். பாடுகிறவரும் பேஸ் வாசிப்பவரும் ஏறினார்கள். கீபோர்டு அண்ணனும் ஏறினார். அவருடைய கீபோர்டு எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் கட்டப்பட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்டபத்தில் இடதுபுறம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அத்தை மேடையின் நடுவில் நின்றாள். "ஒன்" என்றாள். அடுத்த "டூ" வருவதற்குள் முன்வரிசையில் ஒருவர் தும்மி முடித்தார். "ஏம்மா, பாட்டு வருதா, பஸ் ஏறி வரணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அத்தை "ஃபோர்" வரை நிதானமாகச் சொன்னாள்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கீபோர்டு அண்ணன் வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, வண்டிக்காரன் மாட்டின் வாலைத் தொடுவதுபோல. டிரம்ஸ் அண்ணன் அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அவர் யாரோடு போகிறாரோ அவருக்குத்தான் குழு. அத்தை சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். வாசிப்பதை நிறுத்தவில்லை. வலது காலை மட்டும் மேடைப் பலகையில் தட்டினாள், பழைய வேகத்தில். டிரம்ஸ் அண்ணன் அந்தக் காலைப் பார்த்தே அடித்தார். நான்கு சுற்று கீபோர்டு தனியாக முன்னால் ஓடியது. பிறகு திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

அத்தை சபைப் பக்கம் திரும்பினாள். மாடியில் இருபது தடவை செய்ததைச் செய்தாள். கம்பியை மேலே தள்ளி, அங்கேயே பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அது எனக்குப் புதிதாக இருந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர் நின்றபடியே நின்றார். காலையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, கையில் இருந்த சாவிக்கொத்தோடு, கிடைத்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அதுவரை அவர் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

முடிந்ததும் உடனே கைதட்டல் வரவில்லை. முடிந்துவிட்டதா என்று சபைக்குச் சந்தேகம். பிறகு வந்தது.

கச்சேரி முடிந்து மாமா மேடைக்கு வந்தார். "தங்கச்சி, அந்த வெள்ளைக்காரன் கேட்டான்னா, நமக்கு ஏன் இது தோணலைன்னு வருத்தப்படுவான்" என்றார். கீபோர்டு அண்ணன் வயரைச் சுற்றிக்கொண்டே, அத்தையைப் பார்க்காமல், "அடுத்த பிராக்டிஸ் என்னைக்கு டீச்சர்?" என்று கேட்டார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அத்தை வழக்கம்போல் என் பக்கத்தில் பாய் விரித்து, படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அத்தை அந்தக் குழுவைப் பன்னிரண்டு வருஷம் நடத்தினாள். சிவகிரியிலிருந்து தூத்துக்குடி வரை கல்யாணங்களிலும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் வாசித்தாள். 'இழுவை டீச்சர்' என்று பெயர் வந்தது. எந்த ஊரிலும் அந்த முதல் இசையை மெதுவாகவே வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கீபோர்டு அண்ணன் ஒன்பது வருஷம் அவளோடு இருந்தார். ஒரு நாளும் ஒன், டூ கேட்கவில்லை. பேஸ் வாசித்தவர் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். அத்தை அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை ஒரு காபிக் கடையில் மூன்று பேர் கொண்ட குழுவோடு வாசிக்கிறாள். வீடியோ குடும்பக் குழுவில் வரும். கம்பிகள் இன்னும் தளர்ந்தே இருக்கின்றன.

இத்தனை வருஷமும் நான் ஒரு ரகசியத்தை வைத்திருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அத்தை அன்று வாசலில் பொய் சொன்னாள் என்று நம்பினேன். குற்ற உணர்வு இருந்தது. அதற்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது: மூன்று மாவட்டங்கள் அறிந்த ஒரு வாசிப்பை உண்டாக்கியது என் பொம்மை ரயில் அல்லவா?

சென்ற மாதம் பழைய டைரிகளை வருஷ வரிசையில் அடுக்கும்போது 1990ஐப் பிரித்தேன். பிப்ரவரியில் ஒரு பக்கம்: 'கடையநல்லூர் மாமா வீட்டில் நெய்ச்சோறு. பெரிய ஸ்டீரியோவில் அத்தை ஒரே பாட்டை மூன்று தடவை போடச் சொன்னாள். அம்மாவுக்குத் தலைவலி.' அந்த ஸ்டீரியோ கரண்டில் ஓடியது. பாட்டின் சொந்த வேகம் அத்தைக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் கட்டையை மாற்றியிருக்காவிட்டாலும் அவள் அதை மெதுவாக்கும் வழி ஒன்றைத் தேடியிருப்பாள். நான் அதைக் கொஞ்சம் சீக்கிரம் கேட்க வைத்தேன், அவ்வளவுதான். அன்று வாசலில் அவள் சொன்னது உண்மை. நின்றிருந்த ஒருவர்கூட நம்பவில்லை. நான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு நன்றியோடு இருந்தேன்.

கச்சேரிக்கு மறுநாள், 1990 மே ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், அத்தை கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போய்க் கடைசிப் படியில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்து, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றினாள். பிறகு அந்தப் பாட்டைக் காரில் கேட்ட அதே வேகத்தில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் ஒரே ஒரு முறை வாசித்தாள். வாசித்து முடித்துக் கம்பிகளை மறுபடியும் தளர்த்தினாள். ஒரே தடவை காரில் கேட்டு இப்படிப் பிடித்துவிட்டாளே, அத்தை எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, நான் பல் தேய்க்கக் கீழே இறங்கினேன்.