சுவரோடு ஒட்டி வைத்த ஊஃபர்

கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு ஊஃபர் பெட்டி வாங்கியதும், சத்தம் கனமாக வரட்டும் என்று சுவரோடு ஒட்டி வைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லாக்காவின் கட்டில். பூவார் கடற்கரையிலிருந்து எங்கள் பாறசாலைக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவர்; மீன் இல்லாமல் சோறு இறங்காது.

"மத்தியானம் படுத்தா நெஞ்சு கெடந்து இடிக்குது மக்கா. காரக்கோணம் ஆஸ்பத்திரில காட்டியாச்சு, ஒண்ணும் இல்லேண்ணு சொல்லுதாவ. நான் போயிருவேனாக்கும்" என்றார் ஒருநாள்.

மத்தியானம் நான் பாட்டுப் போடும் நேரம்; இடித்தது என் ஊஃபர். அதைச் சொல்லாமல், பெட்டியை மட்டும் எதிர்மூலைக்கு மாற்றினேன்.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். "இடி நிண்ணுபோச்சு மக்கா! இனி சாவுற வரைக்கும் மீன் தொடமாட்டேண்ணு மாதாவுக்கு நேர்ச்ச போட்டேன். அதாக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்றும் வீட்டாருக்கு மீன்குழம்பு வைத்தால், அக்கா கரண்டியோடு என்னைத்தான் கூப்பிடுவார்: "உப்பு பாத்துச் சொல்லு மக்கா."

"சரியா இருக்குக்கா" என்பதற்குமேல் நான் வாய் திறந்ததில்லை.